சேலை இன்னும் உடையாகவில்லை

பினாங்கில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கும் சித்தி மகள் நாற்பது பருத்திச் சேலைகள் அனுப்பச் சொல்லியிருந்தாள். சங்கரன்கோவிலில் சேலைக்கு என்ன பஞ்சம்? எங்கள் தெருவில் ஒரு வீட்டு விசைத்தறிச் சத்தம் காதைவிட்டுப் போவதற்குள் அடுத்த வீட்டுச் சத்தம் வந்துவிடும். நானும் அம்மாவும் இரண்டு நாள் அலைந்து சேலைகளை எடுத்தோம். அம்மா ஒவ்வொன்றையும் உதறி, இழை அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி மடித்து வைத்தாள். பார்சல் அனுப்பும் இடத்துக்கும் அவளே உடன் வந்தாள்.

அங்கிருந்த பையன் கணினியில் ஆறு எண்களைத் தட்டினான். பொருளின் விவரம் என்ற இடத்தில் 'பருத்தி நெசவுத் துணி' என்று வந்தது. அச்சடித்த தாளை நான் வாசித்துக் காட்டியதும் அம்மா கேட்டாள்: "இதுல சேலைன்னு எங்கட்டி போட்டிருக்கு?"

"சேலையும் துணிதானம்மா" என்றான் பையன்.

"துணின்னா வெட்டித் தைக்கணும்லா? இத அப்படியே கட்டிட்டுப் போகலாமே."

பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். வீட்டுக்குத் திரும்பும்போது அந்தச் சிரிப்பு எனக்கே உறுத்தியது. அம்மா சொன்னது ஒரு கிழவியின் வெகுளித்தனம் இல்லை. உலக வணிகத்தைக் கணக்கெடுக்கும் முறையில் எழுபது வருடங்களுக்கு மேலாக இருந்துவரும் ஒரு சிக்கலின் மேல் அவள் நேராக விரலை வைத்திருந்தாள். ஒரு பொருள் எப்போது 'முடிந்த' பொருள் ஆகிறது? அதை முடிவுசெய்வது யார்?

எண்களுக்குப் பின்னால் ஒரு புத்தகம்

நாடுகளுக்கு இடையே போய்வரும் பொருட்களுக்கு இன்று உலகம் முழுவதும் ஒரே எண்முறை இருக்கிறது. உலக சுங்க அமைப்பு நடத்தும் ஹார்மனைஸ்டு சிஸ்டம் அது. நம் ஊர்க் கடைக்காரர்கள் பில்லில் ஹெச்.எஸ்.என். கோடு என்று போடுவது அதைத்தான். 1988 ஜனவரி 1 முதல் உலக அளவில் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 1986-லேயே தன் சுங்க அட்டவணையை அதற்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் அந்தந்த நாடு தன் வசதிக்கு எண் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியா இரண்டு இலக்கங்கள் சேர்த்து எட்டு இலக்கமாக வைத்திருக்கிறது.

இந்த எண்முறை பெரும்பாலும் பொருள் எதனால் ஆனது, எந்த அளவு வேலை முடிந்திருக்கிறது என்று பார்க்கும். ஆனால் பொருளாதார அறிஞர்களுக்கு வேறொரு கேள்வியும் உண்டு: இறக்குமதியாகும் பொருள் தொழிற்சாலைக்குப் போகிறதா, வீட்டுக்குப் போகிறதா? ஒரு நாடு இயந்திரம் வாங்குகிறதா, மூலப்பொருள் வாங்குகிறதா, அல்லது தின்று உடுத்தித் தீர்க்கிறதா? இதற்காக ஐக்கிய நாடுகளின் புள்ளிவிவர அமைப்பு 1971-ல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. பி.இ.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பரந்த பொருளாதார வகைகள் என்று பொருள். வணிகப் பொருட்கள் அனைத்தையும் அது 19 அடிப்படை வகைகளுக்குள் அடக்கியது. அவற்றைத் திரும்ப மூன்று பெரிய குடும்பங்களில் சேர்த்தது: மூலதனப் பொருட்கள், இடைநிலைப் பொருட்கள், நுகர்வுப் பொருட்கள். தறி மூலதனம். நூல் இடைநிலை. சட்டை நுகர்வு. பொருளின் 'இறுதிப் பயன்' என்ன என்பதே அளவுகோல்.

வகுப்பில் நான் இதைப் பத்து நிமிடத்தில் நடத்திவிடுவேன். அம்மா கேட்ட பிறகு சேலையைத் தேடிப் பார்த்தேன்.

இந்தியச் சுங்க அட்டவணையின் 52-ஆம் அத்தியாயம் பருத்திக்கு உரியது. அதில் 5208 என்ற தலைப்பு, 85 சதவீதமும் அதற்கு மேலும் பருத்தி உள்ள, சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மிகாத நெசவுத் துணிகளுக்கானது. அதன் கீழே எட்டு இலக்க வரிகளில் சேலை இருக்கிறது. வேட்டியும் லுங்கியும் சட்டைத் துணியும் கூடவே இருக்கின்றன. அதாவது 'சேலை' என்ற சொல் கடைசி இரண்டு இலக்கங்களில்தான் வருகிறது. அந்த இரண்டு இலக்கங்கள் நம் நாட்டோடு சரி. கடலைத் தாண்டும்போது ஆறு இலக்கம்தான் பேசும். அதில் சேலை, சட்டைத் துணியோடு சேர்ந்து வெறும் நெசவுத் துணி.

ஆடைகள் இருப்பது 61, 62-ஆம் அத்தியாயங்களில். நைட்டி 62-ல் இருக்கிறது. ஏனென்றால் அதை வெட்டித் தைத்திருக்கிறார்கள்.

இப்போது ஐ.நா. புத்தகத்துக்கு வருவோம். ஆறு இலக்கத் தலைப்பு ஒவ்வொன்றையும் அதன் முதன்மையான பயனைப் பார்த்து ஒரு வகையில் போடுவார்கள். நெசவுத் துணி என்றால் அது தையல் கூடத்துக்குப் போகும். ஆகவே இடைநிலைப் பொருள். நைட்டி வீட்டுக்குப் போகும். ஆகவே நுகர்வுப் பொருள். பினாங்குக் கடையில் என் சித்தி மகள் விற்கப்போகும் சேலை கணக்கில் ஏறினால், மலேசியாவின் ஏதோ ஒரு தொழிலுக்குப் போன உள்ளீடாகத்தான் ஏறும். இடைநிலைப் பொருள் வணிகம் இவ்வளவு வளர்ந்திருக்கிறது, ஆகவே உலக உற்பத்திச் சங்கிலி இவ்வளவு நீண்டிருக்கிறது என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலை வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

நான் தினமும் உடுத்திக் கல்லூரிக்குப் போகும் சேலை, அந்தப் புத்தகத்தின்படி இன்னும் உடையாகவில்லை. யாராவது கத்தரிக்கோலோடு வந்து அதை முடித்துவைக்க வேண்டும் என்று காத்திருக்கிறது.

பழைய கோடுகள்

இந்தக் கோட்டை 1971-ல் புதிதாக யாரும் கிழித்துவிடவில்லை. 1913 டிசம்பர் 31 அன்று பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான ஒப்பந்தம் உலக வணிகத்தை 186 இனங்களாகவும் ஐந்து கூட்டங்களாகவும் பிரித்தது: உயிருள்ள விலங்குகள், உணவும் பானமும், மூலப்பொருட்களும் அரைகுறையாகச் செய்யப்பட்டவையும், செய்து முடித்த பொருட்கள், பொன்னும் வெள்ளியும். பிரிட்டிஷ் இந்தியாவின் கடல்வழி வணிக அறிக்கைகளும் உணவு, மூலப்பொருள், செய்பொருள் என்ற பிரிவுகளிலேயே நாட்டின் வணிகத்தைச் சொன்னன.

எங்கள் பக்கத்துக் கரிசல் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறியபோது மூலப்பொருள். லங்காஷயரிலிருந்து அது துணியாகித் திரும்பியபோது செய்பொருள். இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இங்கே நூல் நூற்றவர்கள் காணாமல் போனார்கள். ஊர் ஊராகப் பருத்தியைக் கொட்டை நீக்கி, பஞ்சாக்கி, ராட்டையில் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். மில் நூல் கப்பலில் வந்தபோது நெசவாளிக்கு அது மலிவான உள்ளீடு. நூற்றுப் பிழைத்த பெண்ணுக்கு அது வாழ்வின் முடிவு. 1828-ல் வங்காளத்தின் 'சமாச்சார் தர்பண்' இதழில் சாந்திப்பூரைச் சேர்ந்த நூற்புப் பெண் ஒருவரின் கடிதம் வெளியானது. கணவனை இழந்தபின் நூல் நூற்றே குடும்பத்தைக் காத்ததையும், வெளிநாட்டு நூல் வந்தபின் தன் நூலை வாங்க ஆளில்லாமல் போனதையும் அதில் அவர் சொல்கிறார். இறக்குமதிக் கணக்கில் நூல் ஒரு வரி. அந்த வரி இடம்பிடித்தபோது வெளியே தள்ளப்பட்டவரைப் பற்றி எந்த அட்டவணையிலும் வரி இல்லை. ஒரு கடிதம் இருந்ததால் நமக்குத் தெரிகிறது.

சுதந்திர இந்தியாவிலும் நூலை இப்படிப் பயன் பார்த்துப் பிரித்தார்கள். சிட்டமாக வந்தால் கைத்தறிக்கு, கோனாக வந்தால் விசைத்தறிக்கு என்பது அரசின் கணக்கு. மில்கள் தங்கள் நூலில் ஒரு பங்கைக் கட்டாயம் சிட்டமாகக் கட்ட வேண்டும் என்ற விதி கைத்தறியைக் காப்பாற்ற வந்தது. நல்ல நோக்கம். ஆனால் சிட்டம் அப்படியே தறியில் ஏறாது. யாராவது உட்கார்ந்து அதைப் பிரித்து, ராட்டையில் மாட்டி, ஊடைக்குத் தாராகச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் கைத்தறி இருந்த காலத்தில் அது அம்மாவின் வேலை. விடியலில் சோறு வடித்த கையோடு ராட்டை முன் உட்காருவாள். அப்பா நெய்து முடிக்கும் வேகத்துக்கு அவள் தார் தந்துகொண்டே இருக்க வேண்டும். கூலி சேலைக்கு இவ்வளவு என்று அப்பா கையில் வரும். தார் சுற்றியதற்கு என்று தனியாக ஒரு காசு வந்ததை நான் பார்த்ததில்லை. அரசு நூலின் வடிவத்தைப் பார்த்து அதன் பயனைத் தீர்மானித்தது. அந்த வடிவத்தைப் பயனாக மாற்றிய கையை அது பார்க்கவில்லை.

2019–20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகவும் அவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் பெண்கள் என்றும் சொல்கிறது. அந்தக் கணக்கெடுப்பு தொழிலாளர்களை நெசவாளர், துணைத் தொழிலாளர் என்று பிரிக்கிறது. தார் சுற்றுவது 'துணை'யில் சேரும். அம்மா இதைக் கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். தார் இல்லாமல் ஒரு ஜாண் நெய்து காட்டச் சொல்வாள்.

மடித்தால் மாறும் அத்தியாயம்

எங்களுக்கு வடக்கே ராஜபாளையத்தை அடுத்து சத்திரப்பட்டி இருக்கிறது. மருத்துவமனைகளில் காயம் கட்டும் பேண்டேஜ் துணிக்குப் பெயர்போன ஊர். அந்தத் துணி வெளிநாடுகளுக்கும் போகிறது.

இளக்கமாக நெய்த அந்தப் பருத்தித் துணி தறியிலிருந்து இறங்கிய சுருளாகவே கப்பலேறினால் 52-ஆம் அத்தியாயம்: பருத்தி. அதையே அளவாக வெட்டி, மடித்து, மருத்துவப் பயனுக்கென்று சில்லறை விற்பனைக்கு ஏற்ற கட்டாக ஆக்கிவிட்டால் 3005 என்ற தலைப்புக்குப் போய்விடும். அது 30-ஆம் அத்தியாயம்: மருந்துப் பொருட்கள். இழை அதே இழை, நெசவும் அதே நெசவு. இடையில் நடந்தது வெட்டுதல், மடித்தல், கட்டுதல்.

இந்த வேலைகளைச் செய்கிறவர்களில் பெண்களே மிகுதி. 'லேசான வேலை' என்று பெயர். லேசான வேலைக்கு லேசான கூலி. ஆனால் உலகத்தின் சுங்கச் சட்டப்படி, ஒரு துணியை ஓர் அத்தியாயத்திலிருந்து இன்னோர் அத்தியாயத்துக்குக் கொண்டுபோகும் அளவுக்குக் கனமான வேலை அது. சட்டமே ஒப்புக்கொள்ளும் இந்த மாற்றத்தைக் கூலிச் சீட்டு ஒப்புக்கொள்வதில்லை. என் மாணவிகளிடம் இதைச் சொன்னபோது, அம்மா அப்படிப்பட்ட ஒரு கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்து, "அப்ப மடிக்கிறதும் உற்பத்திதானா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

காருக்குக் கிடைத்த சலுகை

பயனைப் பார்த்துப் பொருளைப் பிரிப்பது எளிதில்லை என்பது அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். அது கம்பெனி வண்டிக்கும் போகும், குடும்ப வண்டிக்கும் போகும். பயணிகள் காரும் அப்படியே. ஆகவே இந்த இரண்டையும் மூன்று குடும்பங்களில் எதற்குள்ளும் தள்ளாமல் தனியே நிறுத்திவைத்தார்கள். வாடகைக் காரா சொந்தக் காரா என்று துறைமுகத்தில் வைத்துச் சொல்ல முடியாது என்பது நியாயமான தயக்கம்.

இந்தத் தயக்கம் தையல் இயந்திரத்துக்கு வரவில்லை. ஹார்மனைஸ்டு சிஸ்டத்தில் 8452 என்ற தலைப்பில் தையல் இயந்திரங்கள் இருக்கின்றன. அதன் கீழே 'வீட்டு வகை' என்று ஒரு பிரிவு, 'மற்றவை' என்று ஒரு பிரிவு. வீட்டு வகை என்ற பெயரிலேயே பயன் தீர்மானமாகிவிடுகிறது. ஆனால் சங்கரன்கோவிலில் எத்தனை வீட்டுத் திண்ணையில் அந்த வீட்டு வகை இயந்திரம் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது! பிளவுஸ் தைப்பது, பாவாடை தைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பள்ளிச் சீருடை தைப்பது எல்லாம் அதில்தான். தமிழ்நாடு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் இலவசமாகக் கொடுப்பது இதே இயந்திரத்தைத்தான். பிழைப்புக்கு வழி என்று சொல்லித்தான் கொடுக்கிறது. அரசாங்கத்துக்கே தெரியும் அது முதலீடு என்று.

இது பெயர்ச் சண்டை மட்டும் இல்லை. நம் நாட்டில் இந்த வகைப்பாட்டுக்குப் பல்லும் நகமும் இருந்தன. சுதந்திரத்துக்குப் பின் பல பத்தாண்டுகள் இறக்குமதி உரிமங்கள் பயனைப் பார்த்தே தரப்பட்டன. இயந்திரமும் மூலப்பொருளும் 'உண்மையான உபயோகிப்பாளர்' என்ற தொழிற்சாலைக்குக் கிடைத்தன. நுகர்வுப் பொருட்களுக்குக் கதவு ஏறக்குறைய அடைத்தே இருந்தது. 1991 சீர்திருத்தம் மூலதனப் பொருட்களுக்கும் இடைநிலைப் பொருட்களுக்கும் கதவைப் பெருமளவு திறந்தது. நுகர்வுப் பொருட்கள் காத்திருந்தன. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில் 1999-ல் இந்தியா தோற்ற பிறகே, 2000 ஏப்ரலில் 714 பொருட்களுக்கும் 2001 ஏப்ரலில் 715 பொருட்களுக்கும் அளவுக் கட்டுப்பாடு நீங்கியது.

அந்நியச் செலாவணி இல்லாத ஒரு நாடு எதை முதலில் வாங்குவது என்று யோசித்தது தவறில்லை. கட்டுப்பாடு நீங்கியது சிறு உற்பத்தியாளர்களை எப்படி அடித்தது என்பது தனிக் கதை. எல்லா இறக்குமதியையும் நான் இங்கே வாழ்த்தவில்லை. நான் கேட்பது வேறு. ஆலையில் ஓடும் சலவை இயந்திரம் மூலதனம், வீட்டில் ஓடும் சலவை இயந்திரம் ஆடம்பரம் என்று எப்படி முடிவானது? முதலாவது கூலியை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது மிச்சப்படுத்துவது கூலியே இல்லாத ஒருத்தியின் முதுகை. கூலி இல்லாததால் மிச்சமும் கணக்கில் வரவில்லை.

வாசற்படியில் முடியும் கணக்கு

'இறுதிப் பயன்' என்ற சொல்லின் வேர் தேசியக் கணக்கு முறையில் இருக்கிறது. ஒரு நாட்டின் உற்பத்தியை எப்படி அளப்பது என்று ஐ.நா. வகுத்த விதிகள் அவை. அந்த விதிப்படி குடும்பம் வாங்கியதும் பொருள் நுகரப்பட்டுவிட்டது. அரிசி கடையை விட்டு வெளியே வந்ததும் தேசியக் கணக்கின் பார்வையில் அது சாப்பிட்டு முடிந்த அரிசி. உணவகத்தின் உலையில் விழும் அதே அரிசி இடைநிலைப் பொருள். அங்கே சமைப்பது உற்பத்தி. 1993-ல் விதிகளைத் திருத்தியபோது, சொந்த உபயோகத்துக்குத் துணி நெய்வதும் தண்ணீர் சுமப்பதும்கூட உற்பத்தி என்று சேர்த்தார்கள். சமைப்பதும் துவைப்பதும் பிள்ளை பார்ப்பதும் வெளியேதான் நின்றன.

இதைக் கண்டுகொண்டவர்கள் உண்டு. 1940-களில் இன்றைய ஜாம்பியா, மலாவி பகுதிகளில் தேசிய வருமானத்தைக் கணக்கிடப் போன ஃபிலிஸ் டீன், கிராமத்துப் பெண்களின் உழைப்பைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டால் அது அர்த்தமற்றது என்று வாதாடினார். 1970-களில் தேவகி ஜெயின் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் பெண்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆய்வு நடத்தி, வேலை செய்யாதவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் நாள் முழுக்க வேலை செய்வதைக் காட்டினார். 1988-ல் நியூசிலாந்தின் மரிலின் வாரிங் இந்தக் கணக்கு முறையையே ஒரு முழுநூலில் கேள்விக்கு உட்படுத்தினார். இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளுக்குச் சராசரி 299 நிமிடங்கள் செலவிடுவதாகச் சொல்கிறது. ஈடுபடும் ஆணுக்கு 97 நிமிடங்கள். பெண்களில் 81.2 சதவீதம் பேர் ஈடுபடுகிறார்கள்; ஆண்களில் 26.1 சதவீதம். வாசற்படியில் பயன் முடிந்துவிட்டது என்றால், அந்த 299 நிமிடங்களில் என்ன நடக்கிறது?

சேலையையே பாருங்கள். ஐ.நா. வகைப்பாட்டில் ஆடை 'அரை நீடிப்பு' நுகர்வுப் பொருள். ஒரு வருடத்துக்கு மேல், மூன்று வருடத்துக்குள் ஆயுள். அம்மாவின் பெட்டியில் என்னைவிட வயது கூடிய சேலைகள் இருக்கின்றன. வெளியே கட்டிப் பழசானது வீட்டில் கட்டும் சேலையாகும். அது நைந்தால் தூளியாகும். நானும் தம்பியும் தூங்கியது அதில்தான். பிறகு இரண்டாகக் கிழிந்து ஒரு பாதி தாவணி போலவும் ஒரு பாதி போர்வை போலவும் கிடக்கும். மிருதுவாகிப் போன பகுதியைச் சதுரமாகக் கிழித்து, துவைத்து, வெயில் படாத மூலையில் மறைத்துக் காயவைத்து, மாதவிடாய்க்கு வைத்துக்கொண்ட தலைமுறை எங்களுடையது. மிச்சம் அடுப்படியில் பிடிதுணி. ஒவ்வொரு நிலையிலும் யாரோ கிழித்து, அடித்து, துவைத்து, அடுத்த பயனுக்குத் தயார் செய்திருக்கிறார்கள். அந்த யாரோ எப்போதும் ஒரு பெண்.

கடல் கடந்தும் இதே கதை. சென்னைப் பட்டணத்தின் பெயரால் 'மெட்ராஸ்' என்று அழைக்கப்பட்ட கட்டம் போட்ட கைத்தறித் துணி நீண்ட காலம் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவின் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்களுக்கு அது பெருமதிப்புள்ள துணி. அங்கே பெண்கள் அந்த நெய்த துணியை எடுத்து, சில இழைகளை மட்டும் சிறு கத்தியால் அறுத்து உருவி, புதிய வடிவங்களை வெளிக்கொண்டுவருவார்கள். 'பெலெடே பிடே' என்று அதற்குப் பெயர். சடங்குகளிலும் துக்க வீடுகளிலும் அதற்கு இடம் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பெண் தார் சுற்றிக் கொடுத்த ஊடையைக் கலபாரிப் பெண் ஒருத்தி உருவி எடுக்கிறாள். இவளுக்கு அவளைத் தெரியாது. நடுவில் இருந்த வணிக அறிக்கைக்கு இரண்டு பேரையும் தெரியாது.

சேலையை இடைநிலைப் பொருள் என்று போட்டது தையல் ஊசி வழக்கமுள்ள நாடுகளின் பார்வையில் வந்த பிழை. அம்மாவின் கோபம் நியாயம். ஆனால் யோசிக்க யோசிக்க, அந்தப் பிழைக்குள் ஒரு நிஜம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பெண்ணின் கையில் வந்து சேரும் எந்தப் பொருளும் இடைநிலைப் பொருள்தான். அரிசியும் பருப்பும் சோப்பும் சேலையும் அவள் வேலை செய்த பிறகே பயனாகின்றன. சேலையை மட்டும் நுகர்வுப் பெட்டிக்கு மாற்றிவிட்டால் அம்மாவுக்குப் பாதி நியாயம்தான் கிடைக்கும். பெட்டி எந்த இடத்தில் மூடப்படுகிறது என்பதை மாற்ற வேண்டும்.

மாற்ற முடியுமா?

மாறியிருக்கிறது. சானிட்டரி நாப்கினுக்கு 2012-க்கு முன்னால் ஹார்மனைஸ்டு சிஸ்டத்தில் சொந்த வீடு கிடையாது. காகிதக் கூழால் ஆனது என்றால் காகித அத்தியாயத்தில் 4818. பஞ்சால் ஆனது என்றால் 5601. ஒரே தேவைக்கான பொருள், எதனால் ஆனது என்பதை வைத்துச் சிதறிக் கிடந்தது. 2012 திருத்தத்தில் 9619 என்ற புதிய தலைப்பு வந்தது. எந்தப் பொருளால் ஆனாலும் சரி, நாப்கின், டாம்பன், குழந்தைகளின் டயாபர் எல்லாம் அதில் ஒன்றுசேர்ந்தன. உடம்பின் தேவையைப் பார்த்து எண் கொடுத்தார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீத வரி போட்டதும், பெண்கள் நாடு முழுக்கக் கேள்வி எழுப்பியதும், 2018 ஜூலையில் அந்த வரி நீங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஐ.நா. வகைப்பாடும் 2016-ல் ஐந்தாம் முறையாகத் திருத்தப்பட்டது. இப்போது எட்டுப் பெரிய பிரிவுகள். துணி, ஆடை, காலணிக்கு என்று ஒரு தனிப் பிரிவு வந்திருக்கிறது. அதன் உள்ளேயும் துணி இடைநிலை, ஆடை நுகர்வு என்ற கோடு அப்படியே இருக்கிறது. ஹார்மனைஸ்டு சிஸ்டத்தின் அடுத்த பதிப்பு 2028-ல் நடைமுறைக்கு வருகிறது. எண்கள் மலைபோல் நிற்பவை இல்லை. கூட்டம் போட்டு, வாதாடி, மாற்றுகிறார்கள். அந்தக் கூட்டங்களில் தார் சுற்றியவர்களின் பிள்ளைகளும் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடத்தை இப்போது பத்து நிமிடத்தில் முடிக்காமல் ஒரு வாரம் நடத்துகிறேன்.

வகுப்பில் ஒரு வேலை கொடுப்பேன். வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் எண்ணைக் கண்டுபிடித்து, மூலதனமா, இடைநிலையா, நுகர்வா என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே, அந்தப் பொருள் வீட்டுக்குள் வந்த பிறகு யார் யார் அதன்மேல் என்னென்ன வேலை செய்தார்கள் என்று ஒரு வாரம் குறித்துவர வேண்டும். சென்ற முறை ஒரு மாணவி ஐந்து கிலோ இட்லி அரிசியைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருந்தாள்.

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று சித்தி மகள் படம் அனுப்பியிருந்தாள். கடையில் கம்பியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன நாற்பது சேலைகளும். அம்மா போனைக் கையில் வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, மடிப்பு கலைந்திருக்கிறதா என்று பார்த்தாள். "சேலைன்னுதான வித்திருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.